இருபது நாள் குறைந்த கலியாணம்

12 ஏப்ரல் 2021, திங்கள்

மாதக்கணக்கில் மூடிக் கிடந்த கடைகளை இன்றுதான் திறந்தார்கள். நான் முதலில் வாங்கியது இந்த டயரி. ஏப்ரலில் டயரி வாங்குகிறவளுக்குப் பாதி விலை. இரண்டாவதாக வாங்கியது ஒரு பழைய சைக்கிள். ஜெயரூபனோடு இருந்த காலத்தில் சைக்கிள் கேட்டேன். "சனம் என்ன சொல்லும்?" என்றார். மில்டன் கீன்ஸில் சனம் எங்கே இருக்கிறது? இந்த ஊரில் இருப்பது ரவுண்டபவுட்டும் கொங்கிறீட்டில் செய்த மாடுகளும்தான்.

கடையிலிருந்து வீடுவரை பெல் அடித்துக்கொண்டே வந்தேன். வழியில் ஒருத்தரும் இல்லை. பெல்லுக்காகத்தான் அடித்தேன்.

டயரியின் முதல் பக்கத்தை நிரப்பினேன். பெயர்: துஷ்யந்தி. இரத்த வகை: தெரியாது. முகவரி: இதைப் பென்சிலால் எழுதினேன்.

பென்சிலுக்குக் காரணம் உண்டு. நான் 2017இல் இங்கே வந்தது ஜெயரூபனின் மனைவியாக. அவர் எங்கள் ஊர்க்காரர், கையில் இருந்தது பிரெஞ்சுப் பாஸ்போர்ட், வேலை இங்கிலாந்தில். ஐரோப்பியக் குடிமகனின் மனைவி என்று எனக்கு ஓர் அட்டை தந்தார்கள். பிறகு இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டுப் பிரிந்தது, ஜெயரூபன் என்னை விட்டுப் பிரிந்தார். இரண்டும் 2020 ஜனவரியில். ஜெயரூபன் பதினேழு நாள் முந்திக்கொண்டார்.

என்னைப் போன்றவர்கள் ஜூன் 30க்குள் விண்ணப்பிக்க வேண்டும். விவாகரத்தானவள் தனக்கும் இங்கே இருக்க உரிமை உண்டு என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெட்டி கட்டவேண்டியதுதான். கட்டினால் கட்டுகிறேன். ஊரில் மாம்பழ சீசன்.

நான் வாடகைக்கு இருப்பது பவளராணி அக்கா வீட்டு மாடி அறையில். அக்கா விழாக்களுக்கு ரோல்ஸ், வடை, கடலை செய்து கொடுக்கிறவ. இன்று மாலை கதவைத் தட்டி, "துஷி, உன்ர அஞ்சு லீட்டர் குக்கரை ஒருக்காத் தாவன்" என்று கேட்டா. விசில் பழுது என்று சொல்லிவிட்டேன்.

17 ஏப்ரல், சனி

வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு விண்ணப்ப ஃபோம் நிரப்பினேன். முப்பத்திரண்டு வயதில்! இதற்கு முன் அப்பா நிரப்பினார், பிறகு ஜெயரூபன் நிரப்பினார். நான் அவர்கள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இன்று நானே நிரப்பினேன். கணினித் திரையில் என் பெயரை அடித்தபோது ஒரு கெத்து வந்தது. திருமணத் திகதி என்ற இடத்தில் யோசிக்கவே இல்லை. 3 பெப்ரவரி 2017. நல்லூரில் மண்டபம், நானூறு பேர், ஓமப்புகையில் எனக்குத் தும்மல், தாலி ஏறும் நேரம் பார்த்து மின்சாரம் போனது. இதை எப்படி மறப்பது?

பவளராணி அக்காவுக்குக் காட்டினேன். "எடியே, நீ பெரிய கிளாக்கர்தான்" என்று சொல்லி இரண்டு ரோல்ஸ் தந்தா. ஒன்று நிரப்பியதற்கு, ஒன்று பிழையில்லாமல் நிரப்பியதற்கு.

20 ஏப்ரல், செவ்வாய்

பெட்ரோல் நிலையக் கடையில் காலை வேலை முடித்து, சைக்கிளில் தேவாலய மண்டபத்துக்குப் போனேன். அங்கே செவ்வாய்க்கிழமைகளில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிறார்கள். எனக்குக் கிடைத்தவள் டெபோரா. மாஸ்க்குக்கு மேலே கண்ணும் புருவமும் மட்டும் தெரியும். அந்தப் புருவம் இரண்டு ஆள் பேசுகிற பேச்சுப் பேசும்.

சட்டத்தை மெதுவாக விளக்கினாள். விவாகரத்துக்குப் பிறகும் நான் இங்கே இருக்கலாம். ஆனால் விவாகரத்து வழக்குத் தொடங்கிய நாளுக்கு முன்பே கலியாணம் மூன்று வருடம் நிறைந்திருக்க வேண்டும்.

வழக்குத் தொடங்கியது எப்போது என்று கேட்டாள். 14 ஜனவரி 2020 என்றேன். அப்போது வந்த வழக்குத் தாள்களில் முதல் பக்கத்துக் கோர்ட் முத்திரையை மட்டும் பார்த்தது. பொங்கலுக்கு முதல் நாள் என்பதால் மறக்கவில்லை.

அவள் ஃபோமைப் பார்த்தாள். 3 பெப்ரவரி 2017. விரலில் எண்ணினாள். புருவம் கீழே இறங்கியது.

இருபது நாள் குறைவு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. மாஸ்க்குக்குள் சிரித்து மூச்சுத் திணறினேன்; டெபோரா ஜன்னலை அகலத் திறந்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு மனுசன் மூன்று வருடம் பொறுத்தவன் இன்னும் இருபது நாள் பொறுத்திருக்கக் கூடாதா? அவசரமாகப் பிரிய அவருக்கு என்ன ரயிலா வந்து நின்றது?

டெபோரா சிரிக்கவில்லை. வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னாள். திருமணச் சான்றிதழும் கோர்ட் தந்த விவாகரத்துத் தீர்ப்பும் அடுத்த முறை கட்டாயம் வேண்டும் என்றாள். சான்றிதழ் அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது, தபாலில் எடுப்பிக்கலாம். தீர்ப்பு? "இருக்கிறது, கொண்டுவருகிறேன்" என்றேன். இருக்கிறதுதான்.

21 ஏப்ரல், புதன்

இருபது நாள்.

24 ஏப்ரல், சனி

இருபது நாளில் ஒரு முட்டை கோழிக்குஞ்சாகக்கூட ஆகாது. அதற்கு இருபத்தொரு நாள் வேண்டும். இணையத்தில் தேடிப் பார்த்தேன்.

அம்மா போனில் பேசினா. சங்கதி சொன்னேன். சான்றிதழை நாளைக்கே தபாலில் போடுவதாகச் சொல்லிவிட்டு, "நீ அங்கை தனிய இருந்து என்ன கண்டனீ பிள்ளை? பேசாமல் வந்திடு. முன்னறைக்கு வெள்ளை அடிச்சு வைக்கிறன்" என்றா. சரி அம்மா என்றேன். மனதுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மாலையில் பின்வளவில் ஆறு தக்காளிக் கன்று நட்டேன்.

4 மே, செவ்வாய்

சான்றிதழ் இன்னும் வரவில்லை. கொரோனாவில் விமானத்தபால் ஊர்ந்து வருகிறது. தீர்ப்பை எடுக்க இன்று நேரம் கிடைக்கவில்லை. அதனால் கலியாண அல்பத்தைத் தூக்கிக்கொண்டு டெபோராவிடம் போனேன். நாலு கிலோ இருக்கும். சைக்கிளின் பின்னால் கட்டினால் வண்டி முன்னால் எழும்புகிறது.

டெபோரா அல்பத்தைப் பார்த்து மயங்கிப்போனாள். ஒவ்வொரு படத்துக்கும் கேள்வி. தலையில் என்ன, மூக்கில் என்ன, இந்த மாமி ஏன் அழுகிறா. அழவில்லை, புகை என்றேன். கடைசிப் பக்கங்களில் வேறொரு கட்டுப் படம் இருந்தது. நான் நீலச் சீலையில், எங்கள் வீட்டு வரவேற்பறையில், மேசைக்கு முன்னால் குனிந்து கையெழுத்துப் போடுகிறேன். பக்கத்தில் ஜெயரூபன், பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டு.

"இது என்ன?" என்றாள்.

"அது ஒன்றுமில்லை, எழுத்து" என்றேன்.

எங்கள் வழக்கத்தை எப்படி விளக்குவது? பதிவுகாரர் வீட்டுக்கு வருவார், கையெழுத்துப் போடுவோம், ரோல்ஸும் தேநீரும் கொடுப்போம், மாப்பிள்ளை தன் வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நாள் பார்த்து மண்டபம் பிடித்துத்தான் கலியாணம். எழுத்து எழுதியவளைக் கலியாணம் கட்டியவள் என்று ஊரில் ஒருத்தரும் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை. டெபோராவிடம், அது கலியாணத்துக்கு முன்னால் வரும் ஒரு சின்னச் சடங்கு என்றேன். அழகான நீலம் என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினாள்.

தீர்ப்பை மறக்காதீர்கள் என்று போகும்போது மறுபடி சொன்னாள்.

11 மே, செவ்வாய்

ஜெயரூபனின் பாஸ்போர்ட் நகலும் வேண்டுமாம். அவர் இப்போது லியோனில். ஒரு வருடத்துக்கு மேலாகப் பேசவில்லை. காலையில் எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் "பாஸ்போர்ட் கொப்பி வேணும். விசா அலுவல்" என்று மட்டும் அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் படம் வந்தது. எல்லாப் பக்கமும், வெளிச்சம் தெறிக்காமல், நேராக. கீழே, "வேற என்ன வேணுமெண்டாலும் கேளும். சாப்பிட்டீரா?"

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. மனுசன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. அடித்ததில்லை, குடித்ததில்லை, திட்டியதில்லை. பேசவும் இல்லை. நான் வந்த முதல் கிழமை கொங்கிறீட் மாடுகளைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். "பால் தருமா?" என்று கேட்டேன். "கொங்கிறீட் எப்பிடிப் பால் தரும்?" என்றார். அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பிட்டேன் என்று பதில் போட்டேன். சாப்பிடவில்லை.

18 மே, செவ்வாய்

பவளராணி அக்கா எனக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டா. தன் கொழுந்தன் நித்தியை நான் கட்டவேண்டுமாம். நித்தி பிரிட்டிஷ் பாஸ்போர்ட், சொந்த வீடு, சொந்தப் பல்.

"நாப்பத்தொன்பது வயசு ஒரு வயசே?" என்றா.

"அக்கா, ஒரு கலியாணத்திலயே இருபது நாள் குறைஞ்சுபோச்சு. இன்னொண்டு என்னால ஏலாது."

"இந்த முறை நாங்கள் கலண்டர் பாத்துப் பிரியலாம்."

இரண்டு பேரும் குசினியில் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரிப்பு ஓயமுதல் மறுபடியும் குக்கரைக் கேட்டா. ரப்பர் வளையம் கிழிந்துவிட்டது என்றேன். "போன முறை விசில் எண்டாய்" என்றா. அதுவும்தான் என்றேன்.

29 மே, சனி

தக்காளி பூத்துவிட்டது! ஆறில் நாலு. காலையில் இரவு உடுப்போடு வளவுக்குள் ஆடினேன். பக்கத்து வீட்டு மனுசன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கை தட்டினார்.

பிறகு வேலைக்குப் போகும் வழியில் ஒரு ரவுண்டபவுட்டின் கீழே சிவப்புச் சைக்கிள் பாதையில் நிறுத்திவிட்டு அழுதேன். ஊருக்குப் போகிறேன், மாம்பழம் சாப்பிடுகிறேன் என்று எழுதியதெல்லாம் பொய். எனக்கு இங்கேயே இருக்கவேண்டும். யாருக்காகவும் இல்லை. காலை ஐந்தரைக்கு இந்தப் பாதையில் முயல் குறுக்கே ஓடும்போது நான் பெல் அடிக்கவேண்டும். கடையில் லொறிக்காரர்கள் "மோர்னிங், டுஷ்" என்று சொல்லவேண்டும். என் அறைக் கதவின் சாவி என் கையில் இருக்கவேண்டும். ஊரில் வெள்ளை அடித்த முன்னறைக்குச் சாவி கிடையாது. அங்கே நான் புருசனை விட்டுவிட்டு வந்தவள்.

தக்காளி காய்க்க இன்னும் ஆறு கிழமையாம்.

8 ஜூன், செவ்வாய்

டெபோரா இன்று கொஞ்சம் கண்டிப்பு. வேறு வழிகள் பலவீனமானவை, ஆனாலும் முயன்று பார்க்கலாம். எதற்கும் தீர்ப்பு இல்லாமல் விண்ணப்பத்தை அனுப்ப முடியாது. இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது. ஏழு கிழமையாக "இருக்கிறது" என்கிறீர்களே, எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

"வீட்டில்."

"வாசித்தீர்களா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒரு நாய் போய்க்கொண்டிருந்தது.

"துஷ்யந்தி, உறையையே பிரிக்கவில்லையா?" என்று கேட்டாள். அந்தப் புருவத்துக்கு முன்னால் பொய் சொல்ல முடியவில்லை. நேரமில்லை என்றேன். போன ஒக்டோபரில் வந்த உறை அது.

9 ஜூன், புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

வேலை முடிந்து வந்தால் பவளராணி அக்கா என் அறை வாசலில் நிற்கிறா, கையில் என் குக்கர். யாரோ வீட்டில் பிறந்தநாள், கடலை அவிக்க வேண்டும், தன்னுடையது போதாது, என்னைக் கேட்டால் நான் எதையாவது பழுதாக்குவேன் என்று தானே எடுத்துவிட்டா. மூடியைத் திறந்திருந்தா.

"துஷி, விசில் நல்லாய்த்தான் இருக்கு. வளையமும் நல்லாய்த்தான் இருக்கு. உள்ளுக்க என்னடி கடதாசி?"

அக்கா உறையைப் பார்த்தா, கோர்ட் முத்திரையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. பிறகு உறையை என் கையில் வைத்து, "நீ வாசி. நான் கடலையைக் கழுவுறன். முடிய மட்டும் இஞ்சதான் நிப்பன்" என்றா.

கீழே குசினிக்கு இறங்கி, மேசையில் உட்கார்ந்து பிரித்தேன். ஒரே ஒரு தாள்தான். இதற்கா எட்டு மாதம் பயந்தேன்? சத்தமாக வாசித்தேன். அவர் பெயர், என் பெயர். "2016 ஜூலை 10ஆம் திகதி, கோண்டாவிலில் நடைபெற்ற திருமணம் இத்தால் முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"பாத்தீங்களே அக்கா! கோர்ட்டுக்கு என்ர கலியாண நாள்கூடத் தெரியேல்ல. பிழையாய் அடிச்சு வச்சிருக்கிறாங்கள். அது எழுத்தெழுதின நாள்! கலியாணம் நல்லூரில, பெப்ரவரி மூண்டில. இதைத் திருத்தாமல் டெபோராட்டக் குடுத்தால் என்ன நினைப்பா? பேனையைத் தாங்கோ, இப்பவே கோர்ட்டுக்கு எழுதுறன்."

பேனையும் எடுத்துவிட்டேன். "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் தீர்ப்பில் ஒரு தவறு" வரைக்கும் எழுதியும்விட்டேன். இப்போதுதான் நான் ஃபோம் நிரப்பத் தெரிந்தவளாயிற்றே.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அக்கா ஈரக்கையோடு திரும்பினா.

"துஷி, அந்தப் பதிவுகாரர் வந்து கையெழுத்து வாங்கினவரெல்லோ?"

"ஓம்."

"முத்திரை குத்தினவரே?"

"ஓம் அக்கா, அது எழுத்து…"

"மண்டபத்தில ஐயர் முத்திரை குத்தினவரே?"

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"அடி விசரி!" என்று கத்தினா அக்கா. "வெள்ளைக்காரனுக்கு ஓமப்புகையே கணக்கு? அவனுக்கு எழுத்துத்தானடி கலியாணம்! எண்ணு!"

எண்ணினேன். 2016 ஜூலை 10இலிருந்து 2020 ஜனவரி 14. மூன்று வருடம், ஆறு மாதம், நாலு நாள். மறுபடி எண்ணினேன். அக்கா கடலைக் கை விரலால் எண்ணினா. கலண்டரைக் கழற்றி மேசையில் போட்டும் எண்ணினோம். எத்தனை முறை எண்ணினாலும் ஆறு மாதம் கூடுதலாகவே இருந்தது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினா. அவவுக்கு இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. நாரியைப் பிடித்தபடியே ஆடினா. குசினி முழுக்கக் கடலை.

அதற்குப் பிறகு கதிரையில் இருந்து அழுதேன். சந்தோசத்தில் என்று அக்கா நினைத்தா. சந்தோசமும்தான்.

அந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். பதிவுகாரரின் பேனை மை கக்கி இரண்டு பேர் பெருவிரலிலும் நீலம். ஜெயரூபன் விடைபெற்றுப் வாசல் படலைவரை போனவர் திரும்பி வந்தார். ஏன் என்று அப்பா கேட்க, குடையை மறந்துவிட்டேன் என்றார். அன்று மழையும் இல்லை, அவர் குடை கொண்டுவரவும் இல்லை. நீல விரலை எனக்கு மட்டும் தெரியத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். எங்கள் கலியாணத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த நாள் அது ஒன்றுதான். அதைத்தான் நான் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

10 ஜூன், வியாழன்

டெபோராவைப் போனில் பிடித்தேன். விளக்கி முடிக்க முன்னமே, "நீலச் சீலை!" என்று அலறினாள். நானே அதைப் பார்த்தேனே, பக்கத்தைத் திருப்பினேனே என்று தன்னைத் திட்டிக்கொண்டாள். நானே கட்டியிருந்தேனே என்றேன்.

15 ஜூன், செவ்வாய்

அம்மா அனுப்பிய சான்றிதழ் நேற்று வந்தது. அதிலும் ஜூலை 10. ஃபோமைத் திருத்தி அனுப்பியாயிற்று. பொத்தானை அழுத்த முன் டெபோரா எல்லாத் திகதியையும் மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

30 ஜூன், புதன்

கடைசி நாள். கடையில் ரேடியோ நாள் முழுக்க இதையே சொன்னது. என்னைப் போல எத்தனை பேர் இன்று விரலில் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

10 ஜூலை, சனி

முதல் தக்காளி. ரசம் வைத்தோம், குக்கரில் கடலை அவித்தோம். அந்தக் குக்கர் இப்போது எதற்கும் பழுதில்லை. அக்கா ரோல்ஸ் சுட்டா. என்ன விசேஷம் என்று பக்கத்து வீட்டு மனுசன் வேலிக்கு மேலே கேட்டார். எழுத்து நாள் என்றேன். அவருக்கும் ஒரு ரோல்ஸ் கொடுத்தேன்.

ஜெயரூபனுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். பிறகு ஒரு வரி வந்தது. "அண்டைக்குக் குடை மறந்து வந்தது நல்லதாப் போச்சு."

ஐந்து வருடத்தில் அவர் சொன்ன முதல் பகிடி. ஆள் லியோனுக்குப் போய்த் தேறியிருக்கிறார்.

21 செப்டம்பர், செவ்வாய்

வேலை முடிந்து வரும்போது போன் அதிர்ந்தது. சைக்கிளை நிறுத்தாமல் பார்த்தது பிழைதான். ஐந்து வருட அனுமதி. என் பெயரில். கணவன் பெயர் என்ற கட்டமே அதில் இல்லை.

வீட்டுக்குத் திரும்பாமல் கொங்கிறீட் மாடுகளிடம் போனேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "பால் தருமா?" என்று சத்தமாகக் கேட்டேன். நாயோடு போன ஒரு கிழவி நின்று யோசித்துவிட்டு, "பொடிப்பால்தான் தரும்" என்றாள். நான் புல்லில் விழுந்து சிரித்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப முன்னறையை என்ன செய்யிறது?" என்றா. டிசம்பரில் நத்தாருக்கு வந்து கொஞ்ச நாள் படுக்கிறேன், ஒரு சாவி போட்டு வையுங்கோ என்றேன்.

டயரியின் முதல் பக்கத்துக்குப் போய் முகவரியைப் பேனையால் எழுதினேன். கடைசி வரியில் மை கக்கிவிட்டது. பெருவிரல் நீலம். கழுவாமல் வைத்திருக்கிறேன், அக்கா சாப்பிடக் கூப்பிடும்வரை.